போடிமெட்டு ஏற்றத்தில் மட்டும் கார் ஹீட் மீட்டர் முள் சிவப்புக்குப் போகிறது, இன்ஜின் ஹெட் இறக்கத்தான் வேண்டுமா?

போடி ஏலக்காய்:

வணக்கம். ஒரு மாதமாகத் தூக்கம் கெட்டு எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தை மாதம் தொடுபுழாவில் ஒருவரிடம் பழைய கார் வாங்கினேன். 2007 மாடல், 1.1 லிட்டர், நாலு சிலிண்டர் பெட்ரோல். கம்பெனிப் பெயரைப் போட்டால் வண்டியை விட்டுவிட்டுக் கம்பெனியைத் திட்ட நாலு பேர் வருவீர்கள், அதனால் போடவில்லை. மீட்டரில் 94 ஆயிரம் கிலோமீட்டர் காட்டியது, அதை நான் நம்பவும் இல்லை நம்பாமலும் இல்லை. எனக்கு ஏலக்காய் வியாபாரம். வாரத்தில் மூன்று நாள் போடியிலிருந்து மெட்டு ஏறி பூப்பாறை, சாந்தன்பாறை வரை போய்வர வேண்டும். அந்தப் பதினேழு கொண்டை ஊசி வளைவும் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

மாசி முடிய ஒரு குறையும் இல்லை. பங்குனிக் கடைசியில் ஒரு நாள் ஏசி போட்டுக்கொண்டு ஏறும்போது ஏழாவது வளைவுப் பக்கம் முள் பாதியைத் தாண்டியது. ஏசியை அணைத்ததும் இறங்கிவிட்டது, நானும் விட்டுவிட்டேன். சித்திரையில் ஏசி இல்லாமலே ஏற ஆரம்பித்தது. போடியில் ஒரு மெக்கானிக்கிடம் விட்டேன். அவர் தண்ணீரை மாற்றி, ஃபேன் சரியாக ஓடவில்லை என்று சொல்லி ஃபேனை டைரக்ட் பண்ணிக் கொடுத்தார். இப்போது சாவி போட்டாலே ஃபேன் ஓடுகிறது. உள்ளே வேறு எதையோ கழற்றி மாட்டினார், அந்த நேரம் நான் டீ குடிக்கப் போயிருந்தேன். 1,800 ரூபாய்.

அதற்குப் பிறகுதான் மோசம். தேனி ரோட்டில் 60, 70ல் போனால் முள் பாதிக்குக் கீழேதான் நிற்கிறது. டவுனில் நின்றால் மெல்ல ஏறும், ஆனால் சிவப்புக்குப் போவதில்லை. முந்தல் செக்போஸ்ட் தாண்டி ஏற்றம் பிடித்ததும் நாலு கிலோமீட்டருக்குள் முக்காலுக்குப் போய்விடுகிறது. திரும்பி இறங்கும்போது பார்த்தால் முள் அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறது, வண்டி இப்போதுதான் ஸ்டார்ட் பண்ணின மாதிரி. ஒவ்வொரு தடவை போய் வந்ததும் அரை லிட்டர் தண்ணீர் ஊற்றவேண்டி வருகிறது. கீழே சொட்டு விழுந்த அடையாளம் எங்கேயும் இல்லை.

போன வாரம் நடந்தது இன்னும் கொடுமை. பதினோராவது வளைவில் முள் சிவப்பைத் தொட்டது. ஓரங்கட்ட இடம் தேடிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று பாதிக்கு இறங்கிவிட்டது. அப்பாடா என்று மேலே வரை ஓட்டிவிட்டேன். மெட்டில் டீக்கடை முன்னால் நிறுத்தியதும் பானெட்டுக்குள்ளிருந்து புகை, இட்லிப்பானையைத் திறந்த மாதிரி.

பூப்பாறைப் பக்கம் ஒரு மெக்கானிக் வந்து பார்த்தார். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தார், உள்பக்கம் வெண்ணெய் தடவினதுபோல வெள்ளையாக இருந்தது. ‘ஹெட் கேஸ்கட் போச்சு, தண்ணி ஆயிலில் கலக்குது, ஹெட்டை இறக்கி ஃபேஸிங் போடணும், 22,000 ஆகும்’ என்கிறார். (ஹெட் என்றால் இன்ஜினின் மேல்பாகம், கேஸ்கட் அதற்கும் கீழ்ப்பாகத்துக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு, ஃபேஸிங் என்றால் ஹெட்டின் அடிப்பக்கத்தைச் சமமாக்குவது.) வண்டி வாங்கினதே 1,10,000க்கு. தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள், இறக்கத்தான் வேண்டுமா?

கம்பம்மெட்டு ஜீப்:

தம்பி, முள் சட்டென்று இறங்கினால் சந்தோஷப்படக் கூடாது, அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். உள்ளே தண்ணீர் குறைந்து, சூடு பார்க்கும் சென்சார் தண்ணீரில் முங்காமல் ஆவியில் நின்றால் மீட்டருக்கு ஒன்றும் தெரியாது, குறைத்துத்தான் காட்டும். அதை நம்பி ஆறு வளைவு ஓட்டியிருக்கிறீர்கள். இன்ஜின் பிடிக்காமல் வந்தது உங்கள் வீட்டில் யாரோ கும்பிட்ட சாமி.

இருபது வருசத்துக்கு மேல் தோட்ட ஆட்களை ஏற்றிக்கொண்டு மெட்டு ஏறுகிறவன் சொல்கிறேன், மலையில் முள் ஏறினால் முதலில் ஏசியை அணை. அப்புறம் ஹீட்டரை ஃபுல்லாக வைத்து ஜன்னலைத் திற. வியர்த்துக் கொட்டும், கொட்டட்டும். அந்தச் சூடு இன்ஜினிலிருந்து உன் காலுக்கு வருகிறது, அவ்வளவுதான், அதுவும் ஒரு குட்டி ரேடியேட்டர். மூன்றாவது கியரில் முக்கிக்கொண்டு போகாமல் இரண்டாவதைப் போட்டு இன்ஜினைச் சுற்றவிடு, வாட்டர் பாடி (தண்ணீர் பம்ப்) வேகமாகச் சுற்றினால் தண்ணீரும் ஓடும். அப்படியும் இறங்கவில்லை என்றால் ஓரங்கட்டி பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு அரை மணி நேரம் கதை பேசு. ரேடியேட்டர் மூடியைத் தொடாதே. எங்கள் ஸ்டாண்டில் ஒருத்தன் துண்டைப் போட்டு மூடியைத் திருகிவிட்டு முகமெல்லாம் கொப்பளித்து மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தான். கொதிக்கிற இன்ஜினில் சுனைத் தண்ணீரைச் சில்லென்று ஊற்றுவதும் அதே மாதிரி தப்பு, ஹெட் விரிசல் விட்டுவிடும்.

என் கணக்குக்கு வாட்டர் பாடி போயிருக்கும். ரேடியேட்டர் எங்கேயாவது கசிந்தால் மஞ்சள்தூள் இரண்டு ஸ்பூன் போட்டுப் பாருங்கள், நாங்கள் ஜீப்பில் போடுவதுதான்.

நெடுங்கண்டம் 4 மணி பஸ்:

விற்றுவிட்டு வேறு வாங்குங்கள். 2007 மாடலுக்கு 22,000 செலவு செய்தால் அடுத்த மாதம் கிளட்ச் வரும், அதற்கடுத்த மாதம் சஸ்பென்ஷன் வரும்.

கொழிஞ்சாம்பாறை தென்னந்தோப்பு:

எனக்கு நிஜமாகவே ஹெட் கேஸ்கட் போன அனுபவம் இருக்கிறது, அது எப்படி இருந்தது என்று சொல்கிறேன், உங்கள் வண்டியோடு ஒத்துப்பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கம் போர்த் தண்ணீரில் டீ போட்டாலே மேலே ஏடு கட்டும், அந்தத் தண்ணீரைத்தான் ஐந்து வருசம் ரேடியேட்டரில் ஊற்றி ஓட்டியிருக்கிறேன். கூலண்ட் எதற்கு, தண்ணீரும் குளிர்ச்சிதானே என்ற அறிவு. உப்பு படிந்து ரேடியேட்டர் குழாய்கள் பாதி அடைத்துவிட்டன. டவுனில் ஓட்டினால் தெரியாது, வாளையாறு தாண்டிக் கோயம்புத்தூர் ரோட்டில் 80ல் போனால் ஏறும், வேகத்தைக் குறைத்தால் இறங்கும். அதைக் கவனிக்காமல் இரண்டு மூன்று தடவை சிவப்பு வரை விட்டதில் ஹெட் வளைந்து கேஸ்கட் போனது. போனதும் தெரிந்த அடையாளங்கள்: காலையில் ஸ்டார்ட் பண்ணினால் முதல் ஒரு நிமிடம் ஒரு சிலிண்டர் அடிக்காமல் வண்டி உதறும், பின்னால் சைலன்ஸரில் வெள்ளைப் புகை வரும், அது வண்டி சூடான பிறகும் நிற்காது, இனிப்பாக ஒரு வாடை வேறு அடிக்கும். இன்ஜின் இன்னும் ஆறிக் கிடக்கும்போதே மேல் ஹோஸ் பைப்பைப் பிடித்துப் பார்த்தால் காற்றடித்த டியூப் மாதிரி விறைத்திருக்கும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் காலையில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால்கூட புஸ் என்று காற்று வரும். டிப்ஸ்டிக்கை உருவினால் ஆயில் பால் டீ நிறம்.

இதில் ஒன்றாவது உங்களுக்கு இருக்கிறதா? நீங்கள் எழுதியதில் மூடியில் வெள்ளை தவிர வேறு எதுவும் இல்லையே.

மஞ்சள்தூள் விஷயம், ஜீப் அண்ணன் கோபித்துக்கொள்ளக் கூடாது, வழியில் நின்றுவிட்டால் ஊர் வந்து சேர அது சரி, அதோடு மறந்துவிட்டால் பொடி போய்க் குழாயில் உட்காரும். எனக்கு ரேடியேட்டரைப் பிரித்தபோது உப்போடு சேர்ந்து மஞ்சள் கட்டியும் வந்தது.

செங்கோட்டை ஸ்பேனர்:

அண்ணாச்சி, ஹெட்டில் கை வைக்க வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். புளியரை எஸ் வளைவு ஏறி ஆரியங்காவு போகிற வண்டிகள் கொதித்துப் போய் என் ஷெட்டுக்குத்தான் வரும், சபரிமலை சீசனில் ஒரு நாளைக்கு நாலு வண்டி பார்ப்பேன். அதில் ஹெட் கேஸ்கட் என்று சொல்லி அனுப்பப்பட்டு, திறந்து பார்க்காமலே சரியான வண்டிகள் நிறைய.

ஹீட் ஆகிற வண்டி வந்தால் நான் ஸ்பேனரை எடுக்க மாட்டேன், ‘எப்போது ஏறுகிறது, எப்போது இறங்குகிறது’ என்றுதான் முதலில் கேட்பேன். நின்றால் ஏறி ஓடினால் இறங்கினால் ஃபேன் பக்கம் பார்க்க வேண்டும். வேகமாகப் போனால் ஏறினால் ரேடியேட்டர் உள்ளே அடைப்பு, இல்லை வாட்டர் பம்ப், இல்லை கீழ் ஹோஸ் உறிஞ்சி ஒட்டிக்கொள்வது, தோப்புக்காரர் சொன்னது அந்த வகை. எப்படி ஓட்டினாலும் ஏறி, ஆறின இன்ஜினிலேயே குமிழி வந்தால் கேஸ்கட். உங்களுடையது இந்த மூன்றிலும் சேரவில்லை. 20, 25 வேகத்தில் முழுச் சுமையோடு ஏறும்போது மட்டும் வருகிறது. அங்கே எதிர்க்காற்று கிடையாது, எல்லாம் ஃபேன் இழுக்கிற காற்றுதான்.

இறங்கும்போது முள் அடியில் படுக்கிறது என்றீர்களே, என் கண்ணுக்கு முதலில் பட்டது அதுதான். தெர்மோஸ்டாட் இருக்கிற வண்டியில் அப்படி நடக்காது. அது ரேடியேட்டருக்குப் போகிற தண்ணீர் வழியில் இருக்கும் வால்வு. ஏறக்குறைய 82 டிகிரியில் திறந்து, அதற்குக் கீழே போனால் மூடிக்கொண்டு இன்ஜினைச் சூடாக வைப்பதுதான் அதன் வேலை. நீங்கள் டீ குடிக்கப் போன நேரத்தில் அந்த மெக்கானிக் அதைக் கழற்றி எறிந்திருக்கிறார், பந்தயம் கட்டுகிறேன். நம் ஊர்ப் பழக்கம் அது. ஹீட் என்றால் வால்வைத் தூக்கு, ஃபேனை டைரக்ட் பண்ணு.

இப்போது மூடியில் இருக்கும் வெண்ணெய்க்கு வருவோம். தெர்மோஸ்டாட் இல்லாமல், இந்த ஆனி மாசத்து மூடுபனியில் மலை மேல் சுற்றுகிற இன்ஜின் நிறைய நேரம் சூடே ஆவதில்லை. உள்ளே இருக்கிற ஈரம் ஆவியாகி வெளியே போகாமல் மேல் மூடியில் வந்து குளிர்ந்து ஆயிலோடு சேர்ந்து வெள்ளையாகப் படியும். வால்வு இருக்கிற வண்டிக்கே குளிர் காலத்தில் பக்கத்திலேயே ஓட்டினால் வரும். டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். அதில் ஆயில் ஆயிலாகவே இருந்து, அளவும் கூடாமல் இருந்தால் அந்த வெள்ளைக்கும் கேஸ்கட்டுக்கும் சம்பந்தமில்லை.

நாளைக் காலையில் இன்ஜின் கையில் தொட்டால் சில்லென்று இருக்கும்போது இதைச் செய்யுங்கள். ரேடியேட்டர் மூடியைத் திறந்து உள்ளே தண்ணீர் எந்த மட்டத்தில் இருக்கிறது, பக்கத்து டப்பாவில் எந்த மட்டத்தில் இருக்கிறது என்று இரண்டையும் எழுதி வையுங்கள். ரேடியேட்டரைக் கழுத்து வரை நிரப்பிவிட்டு மூடியைப் போடாமல் ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள். முதலில் கொஞ்சம் குமிழி வரும், உள்ளே மாட்டின காற்று, அது நின்றுவிடும். நிற்காமல் சோடா மாதிரி வந்துகொண்டே இருந்தால் என் பேச்சை நான் வாபஸ் வாங்குகிறேன். மூடியின் ரப்பரையும் பாருங்கள், அதன் மேல் 0.9 அல்லது 1.1 என்று போட்டிருக்கும். அது அழுத்தத்தின் அளவு. 0.9 மூடி சரியாகப் பிடித்தால் சமவெளியில் வெறும் தண்ணீரே 118 டிகிரி வரை கொதிக்காது. பிடிக்கவில்லை என்றால் போடிமெட்டு மாதிரி 4,000 அடிக்கு மேல் உள்ள இடத்தில் 95, 96லேயே கொதித்துவிடும். முள் சிவப்புக்கு வருவதற்கு முன்பே பொங்கிப்போகிற வண்டிகள் அப்படித்தான்.

கடைசியாக ஒன்று. ஃபேன் டைரக்ட் பண்ணின பிறகுதான் மோசமாச்சு என்கிறீர்கள். வண்டியை ஆன் பண்ணி, ஃபேன் ஓடும்போது கிரில்லுக்கு முன்னால் ஒரு பேப்பரைப் பிடித்துப் பாருங்கள். ஒட்டுகிறதா பறக்கிறதா என்று மட்டும் சொல்லுங்கள்.

போடி ஏலக்காய்:

எல்லாருக்கும் நன்றி. அண்ணாச்சி, நீங்கள் சொன்னதைக் காலை ஆறு மணிக்கு எழுந்து செய்தேன், வீட்டுக்காரம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

ரேடியேட்டரில் தண்ணீர் கண்ணுக்கே தெரியவில்லை, விரலை விட்டும் எட்டவில்லை. ஆனால் டப்பாவில் மேல் கோட்டுக்கும் மேலே நிற்கிறது! இது எனக்குப் புரியவில்லை. மூடியைத் திறக்கும்போது காற்று எதுவும் வரவில்லை. மூடியின் ரப்பர் ஒரு பக்கம் வெடித்துத் துண்டாகத் தொங்குகிறது. டிப்ஸ்டிக்கில் ஆயில் கறுப்பாக இருக்கிறது, பால் இல்லை. நிரப்பி ஸ்டார்ட் பண்ணினேன், நாலைந்து குமிழி வந்து நின்றுவிட்டது, பத்து நிமிடம் பார்த்தேன். வெள்ளைப் புகையும் இல்லை.

பேப்பர் விஷயத்தில்தான் குழப்பம். தினசரிக் காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்துப் பிடித்தேன், அது என் முகத்துக்கே வந்தது. மூன்று தடவை பிடித்தேன், மூன்று தடவையும் வெளியேதான் தள்ளுகிறது. வெளியே தள்ளினால் சூடு வெளியே போகிறது, நல்லதுதானே?

செங்கோட்டை ஸ்பேனர்:

நல்லது இல்லை அண்ணாச்சி. உங்கள் வண்டியில் ஃபேன் ரேடியேட்டருக்குப் பின்னால், இன்ஜின் பக்கம் இருக்கிறது. முன்னாலிருந்து காற்றை உள்ளே இழுக்க வேண்டியது அதன் வேலை. பேப்பர் கிரில்லில் ஒட்டிக்கொள்ள வேண்டும். டைரக்ட் பண்ணும்போது இரண்டு வயரையும் மாற்றிக் கொடுத்திருக்கிறார், அந்த மோட்டாருக்குப் பிளஸ் மைனஸ் மாறினால் தலைகீழாகச் சுற்றும். ஃபேன் சுற்றுகிறதா என்று பார்த்தார், எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்க்கவில்லை.

இப்போது எல்லாம் பொருந்துகிறது பாருங்கள். நிற்கும்போது தலைகீழாகச் சுற்றினாலும் காற்று ஏதோ ஒரு பக்கம் ரேடியேட்டர் வழியாகப் போகத்தான் செய்கிறது, இன்ஜின் பக்கத்துச் சூட்டுக் காற்றுதான், ஆனாலும் போகிறது, அதனால் முள் மெல்ல ஏறுகிறது. தேனி ரோட்டில் 60ல் போனால் எதிர்க்காற்று ஃபேனை ஜெயித்துவிடுகிறது. 20ல் மலை ஏறும்போதுதான் முன்னாலிருந்து வருகிற காற்றும் பின்னாலிருந்து தள்ளுகிற காற்றும் ரேடியேட்டருக்குள் மல்லுக்கு நின்று இரண்டும் நகராமல் போகின்றன, இன்ஜினோ அந்த நேரத்தில்தான் உயிரைக் கொடுத்து இழுக்கிறது.

டப்பாவில் தண்ணீர் இருந்து ரேடியேட்டரில் இல்லாததற்கு அந்த மூடி காரணம். சூடானால் தண்ணீர் விரிந்து டப்பாவுக்குப் போகும், ஆறினால் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். மூடியின் ரப்பர் வெடித்தால் போகிறது மட்டும் நடக்கும், திரும்பி வராது, வெறும் காற்றைத்தான் உறிஞ்சும். டப்பா நிறைந்து மேல் வழியாக ரோட்டில் கொட்டுகிறது, ஓடும்போது கொட்டுவதால் வீட்டில் சொட்டு தெரியவில்லை. உங்கள் அரை லிட்டர் அங்கேதான் போகிறது.

ஆனால் இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. மெக்கானிக் கை வைப்பதற்கு முன்னாலேயே, பங்குனியில், ஏசி போட்டால் ஏறியது. அது ஏன்? மூடி மட்டும் காரணமாக இருக்காது. ரேடியேட்டரின் மேல் பிராக்கெட் போல்ட் இரண்டையும் கழற்றி, ரேடியேட்டரை லேசாகப் பின்னால் சாய்த்து, அதற்கும் முன்னால் இருக்கிற ஏசி கண்டென்சருக்கும் நடுவில் டார்ச் அடித்துப் பாருங்கள். வெளியிலிருந்து பார்த்தால் சுத்தமாகத்தான் தெரியும், நடுவில் பார்க்க வேண்டும். என்னிடம் வருகிற வண்டிகளில் அங்கே ஈசலும் புல்லும் சேறும் இருக்கும்.

கொழிஞ்சாம்பாறை தென்னந்தோப்பு:

காலண்டர் தாளை நான் போய் என் வண்டியில் பிடித்துப் பார்த்தேன், ஒட்டுகிறது, நிம்மதி.

கம்பம்மெட்டு ஜீப்:

வாட்டர் பாடி என்று நான் சொன்னது தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். தலைகீழ் ஃபேனை இத்தனை வருசத்தில் நான் பார்த்ததில்லை. எங்கள் ஜீப்பில் ஃபேன் பெல்ட்டில் சுற்றுவது, தலைகீழாகச் சுற்ற வேண்டுமென்றால் இன்ஜினே தலைகீழாகச் சுற்ற வேண்டும்.

போடி ஏலக்காய்:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும், ஏலத்துக்குப் புத்தடிக்கு அலைந்ததில் நேரமே கிடைக்கவில்லை (பஸ்ஸில்தான் போனேன்).

ரேடியேட்டரைச் சாய்த்துப் பார்த்தோம். நடுவில் இருந்தது என்ன தெரியுமா? இலவம் பஞ்சு. போடிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, பங்குனி சித்திரையில் காய் வெடித்தால் தெருவெல்லாம் பஞ்சு பறக்கும். நான் வண்டி நிறுத்துவது குடோனுக்குப் பக்கத்து இலவ மரத்தடியில், நிழலுக்கு ஆசைப்பட்டு. ஓர இடுக்கு வழியாக உள்ளே போய், தூசியும் எண்ணெயும் சேர்ந்து கம்பளித் துண்டு மாதிரி ரேடியேட்டரின் கீழ்ப்பாதி முழுக்க அப்பியிருந்தது. பிய்த்து எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தது. சுத்தமாக இருந்திருந்தால் குழந்தைத் தலையணை ஒன்று தைத்திருக்கலாம். பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டி, இன்ஜின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக மெதுவாகத் தண்ணீர் அடித்துக் கழுவினோம். வாட்டர் சர்வீஸ் பிரஷரில் அடிக்கலாமா என்று கேட்டேன், தகடு எல்லாம் மடங்கிப் போகும் என்று கூட இருந்தவர் விடவில்லை.

தெர்மோஸ்டாட் இருக்கும் இடத்தைத் திறந்தால் வெறும் கூடுதான், உள்ளே ஒன்றும் இல்லை. அண்ணாச்சி பந்தயம் ஜெயித்துவிட்டார். புதிதாக ஒன்று வாங்கினேன். மாட்டுவதற்கு முன் வீட்டுக் குண்டானில் தண்ணீர் வைத்து நூலில் கட்டித் தொங்கவிட்டுக் கொதிக்க வைத்தேன், குமிழி வரத் தொடங்கும் நேரத்தில் மெல்ல வாய் திறந்தது, அடுப்பை அணைத்து ஆறினதும் மூடிக்கொண்டது. அதைப் பார்க்க என் மகன் மட்டுமில்லை, பக்கத்து வீட்டுப் பையன்களும் வந்துவிட்டார்கள். அந்தக் குண்டானை இனி சமையலுக்கு எடுக்கக் கூடாது என்று உத்தரவு.

ஃபேன் விஷயத்துக்குத் தனியாக ஒரு ஆட்டோ எலக்ட்ரீசியனிடம் போனேன். டைரக்ட் வயரைப் பார்த்துவிட்டு அவர் சத்தம் போட்டார், சாவி சுவிட்சிலிருந்து நேராக மெல்லிசு வயரில் எடுத்திருக்கிறார்களாம், ரிலேயும் இல்லை ஃபியூஸும் இல்லை, வயரின் மேல்தோல் ஓரிடத்தில் உருகியே இருந்தது. ஃபேன் முதலில் சரியாக ஓடாததற்குக் காரணம் பார்த்தால் ரிலே உட்காரும் இடத்தில் ஒரு பின் பச்சையாகப் பூத்துப் போயிருந்தது. சுரண்டி, புது ரிலே போட்டு, பழையபடி மாற்றிக் கொடுத்தார். இப்போது காலண்டர் தாள் கிரில்லில் ஒட்டுகிறது.

புது மூடி, தெர்மோஸ்டாட், ரிலே, கூலண்ட், இரண்டு பேர் கூலி எல்லாம் சேர்த்து 3,400 ரூபாய். நேற்று மெட்டு ஏறினேன், இரண்டு பேர், நூறு கிலோ சரக்கு. முள் பாதிக்குச் சற்று மேலே போனது, எட்டாவது வளைவில் ஃபேன் ஓடும் சத்தம் கேட்டது, இறங்கியது. பழக்கதோஷத்தில் பதினோராவது வளைவில் நானே நிறுத்திவிட்டேன். இறங்கும்போது முள் நடுவிலேயே நின்றது.

இரண்டு சந்தேகம். சிவப்பைத் தொட்ட பிறகும் ஆறு வளைவு ஓட்டினேனே, ஹெட்டுக்கு ஒன்றும் ஆகியிருக்காதா? அப்புறம், அடுத்த பங்குனிக்கு கிரில்லுக்குப் பின்னால் கொசுவலை கட்டிவிடலாமா?

செங்கோட்டை ஸ்பேனர்:

ஹெட்டுக்கு இப்போதைக்குப் பயம் வேண்டாம், ஆனால் மறந்துவிடவும் வேண்டாம். ஒரு மாதம் வாரத்துக்கு ஒரு தடவை காலையில் மூடியைத் திறந்து மட்டம் பாருங்கள். ஹோஸ், டப்பா, தரை எல்லாம் காய்ந்திருந்து மட்டம் மட்டும் குறைந்துகொண்டே போனால் நல்ல வொர்க்‌ஷாப்பில் நீலத் தண்ணீர் டெஸ்ட் பண்ணச் சொல்லுங்கள். ரேடியேட்டர் வாயில் ஒரு குழாயை வைத்து உள்ளே இருக்கிற காற்றை அந்த நீலத் திரவம் வழியாக இழுப்பார்கள், பெட்ரோல் வண்டியில் எரிந்த கேஸ் வந்தால் மஞ்சளாக மாறும். ஹெட்டைக் கழற்றாமலே தெரிந்துவிடும். அதுவரை 22,000 உங்கள் பையிலேயே இருக்கட்டும்.

காற்றுப் போக்கினீர்களா, அதாவது தண்ணீர்க் குழாய்களுக்குள் மாட்டின காற்றை வெளியே எடுத்தீர்களா என்று எழுதவில்லை. செய்யவில்லை என்றால், முன்பக்கம் மேடாக இருக்கிற மாதிரி ஏற்றத்தில் நிறுத்தி, ஹீட்டரை ஃபுல்லாக வைத்து, இன்ஜின் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து ஸ்டார்ட் பண்ணி, மேல் ஹோஸை அமுக்கி அமுக்கி விடுங்கள். மட்டம் இறங்க இறங்க ஊற்றுங்கள். சூடாகி மேலே பொங்கி வர ஆரம்பித்தால் அதோடு மூடிவிட வேண்டும். ஊற்றுவது பாட்டிலில் வருகிற டிஸ்டில்டு வாட்டர் கலந்த கூலண்டாக இருக்கட்டும், முதலில் என்ன நிறம் போட்டீர்களோ அதே வகை. பச்சையையும் சிவப்பையும் கலந்து உள்ளே ஜெல்லியாகப் பிடித்த வண்டியை நான் கழுவியிருக்கிறேன்.

கொசுவலை வேண்டாம். பஞ்சு அதன் மேல் ஒட்டி, மழை பட்டால் ஈரத் துணி தொங்கவிட்ட மாதிரி ஆகிவிடும், மறுபடியும் எனக்கு எழுதுவீர்கள். பங்குனியிலிருந்து வைகாசி வரை இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை அந்த இரண்டு போல்ட்டைக் கழற்றிப் பிரஷ் போடுங்கள். வண்டியை மரத்தடியிலிருந்து நகர்த்தினால் அதுவும் வேண்டாம்.

போடி ஏலக்காய்:

காற்றுப் போக்கவில்லை அண்ணாச்சி. வீட்டு முன்னாலேயே ஏற்றம் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை செய்கிறேன். மரத்தடி மட்டும் கஷ்டம், வேறு நிழல் இல்லை.